உறையக்காவின் தொலைக்காட்சி

எங்கள் குடியிருப்பில் யாராவது புதிதாக ஒரு மின்சாதனம் வாங்கினால், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே உறையக்காவுக்குத் தகவல் போய்விடும். அக்கா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவரைப் போல மலர்ந்த முகத்தோடு வந்து நிற்பார். முன்னால் நின்று பார்ப்பார், பக்கவாட்டில் பார்ப்பார், பிறகு முழங்காலில் கைவைத்துக் குனிந்து பின்பக்கத்தை நெடுநேரம் பார்ப்பார். வெப்பக் காற்று எந்தத் துளை வழியாக வெளியேறுகிறது, கம்பி எந்தப் பக்கம் நீள்கிறது, எங்கே மடங்குகிறது என்பவையெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

"முன்பக்கத்துக்கு யார் வேணா தைப்பாங்க. பின்பக்கத்துலதான் உயிர் இருக்கு" என்பார்.

சோபாவுக்கும் மெத்தைக்கும் உறை தைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். கணினிக்கும் ஒலிபெருக்கிக்கும் அச்சுப்பொறிக்கும் சட்டை தைப்பவர் எங்கள் பகுதியில் அவர் ஒருவர்தான். ஒரு வீட்டில் வைஃபை பெட்டியைக் கனத்த துணியால் மூடிவைத்து, அது சூடேறி நின்றுபோன கதையைக் கேட்டதிலிருந்து, அவர் தைக்கும் உறைகள் எல்லாவற்றிலும் பின்பக்கம் வலைத்துணிதான். "மூடணும், ஆனா மூச்சு முட்டக் கூடாது. பிள்ளைங்களுக்கும் இதேதான்" என்று தாய்மார்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போவார்.

தெருமுனையில் கேபிளும் சார்ஜரும் விற்கும் கடைக்காரர் அவரைக் கண்டாலே கைகூப்புவார்.

"உங்களாலதான்க்கா என் வியாபாரம் படுத்துப்போச்சு. தூசி உள்ள போனாத்தானே பொருள் கெடும், பொருள் கெட்டாத்தானே நான் பிழைப்பேன்?"

"உனக்கும் ஒரு உறை தைச்சுத் தரேன் தம்பி. வாய்ப்பக்கம் மட்டும் வலை வெக்காம."

அக்காவின் வீட்டில் ஆடையில்லாமல் இருந்தவை சுவர்க்கடிகாரமும் கணவருடைய ரம்பமும்தாம். கடிகாரத்தை மூடினால் மணி தெரியாது. ரம்பத்துக்குத் தைத்த உறைகள் எல்லாம் முதல் நாளே கிழிந்துபோயின.

கணவர் மரப்பட்டறையில் தச்சர். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவருக்குக் காது கேளாமற்போயிற்று. பேச்சு முழுவதும் அவருடைய விரல்களில் இருந்தது. அதுவும் தாராளமாகவே இருந்தது. பட்டறை நாற்காலிகளுக்கு மெத்தை தைக்க அளவெடுக்கப் போன இடத்தில்தான் அக்கா அவரைச் சந்தித்தார். மெத்தை தைத்து முடிவதற்குள் சைகை மொழியில் பாதியைக் கற்றுக்கொண்டார். மீதியைத் திருமணத்துக்குப் பிறகு நடந்த சண்டைகளில் கற்றுக்கொண்டார்.

"வாய் நெறயக் குண்டூசியக் கடிச்சுக்கிட்டே புருஷனோட சண்டை போட முடியுற தையல்காரி உலகத்துல நான் ஒருத்திதான்" என்று அவர் பெருமையாகச் சொல்வதுண்டு. "ஒரு குறைதான். தோக்கப் போறோம்னு தெரிஞ்சா மனுஷன் கண்ண மூடிக்குவாரு. அவர் தொறக்குறதுக்குள்ள எனக்குக் கோவமே ஆறிப்போயிடும்."

அவர்களுக்கு ஒரே மகள். பேசுவதற்கு முன்பே கைகளால் பால் கேட்ட குழந்தை. வளர்ந்தபின் அதையே படிப்பாக்கிக்கொண்டு, தலைநகரத்தில் நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் சைகைமொழி பெயர்ப்பாளராக வேலை பார்த்துவந்தாள். அண்மையில் ஒரு தொலைக்காட்சி நிலையம், மாலைச் செய்தியின்போது திரையின் வலது கீழ்மூலையில் ஒரு வட்டத்தை வைத்து, அதற்குள் ஒருவர் செய்தியைச் சைகையில் சொல்லும் ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தது. அதைச் செய்துவந்த பெண் ஒரு வாரம் விடுப்பில் போகவே, அந்த வாரத்துக்கு மகளை அழைத்தார்கள்.

மகள் அந்தச் செய்தியைக் காணொளி அழைப்பில் சொன்னபோது, அக்கா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கணவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று மகள் வாயாலும் பேசினாள், கைகளாலும் பேசினாள்.

"அப்பா, நீங்க பாத்துட்டுச் சொல்லணும். இங்க எல்லாரும் கை தட்டுவாங்க, அவங்களுக்கு என்ன தெரியும். உங்களுக்குப் புரிஞ்சாத்தான் நான் இத மேல செய்வேன். இல்லன்னா பழையபடி கோர்ட்டு, ஆஸ்பத்திரின்னு போயிடுவேன்."

"புரியலன்னா புரியலன்னுதான் சொல்லுவேன்" என்றன தச்சரின் கைகள்.

"அதுக்குத்தானே உங்களக் கேக்கறேன்."

செய்தி என்றால் அவருக்கு அதுவரையில் வாயசைக்கும் மனிதர்களும், படித்து முடிப்பதற்குள் ஓடிவிடும் எழுத்துகளும்தாம். தன் மொழியில், அதுவும் தன் மகளின் கையால், உலகச் செய்தி தன் வீட்டுக்கு வரப்போகிறது என்பதை அவர் பட்டறையில் எல்லாருக்கும் சொன்னார். சைகை தெரியாதவர்களுக்கு மரப்பலகையில் பென்சிலால் எழுதிக் காட்டினார். அந்தப் பலகையில் பிறகு யாருக்கோ அலமாரி செய்தார்கள் என்று கேள்வி.

முதல் நாள் மாலையில் இருவரும் குளித்து, நல்ல உடை உடுத்தி, தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்தார்கள். அதன் உறையில் திரைப்பக்கம் மட்டும் மேலே சுருட்டிக் கட்டும்படி அக்கா தைத்திருந்தார். சுருட்டிக் கட்டினார். செய்தி தொடங்கிற்று. வாசிப்பவர் வழக்கம்போலப் பருத்த கன்னங்களோடு வணக்கம் சொன்னார். கட்டடம் திறந்தார்கள், மழை பெய்தது, யாரோ கோப்பை வாங்கினார்கள். மகளைக் காணவில்லை.

வலது ஓரத்தில் எப்போதாவது ஏதோ துடித்தது. உற்றுப் பார்த்தால் விரல் நுனிகள். கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட பறவையின் சிறகு படபடப்பதைப் போல அவை வந்து வந்து மறைந்தன.

செய்தி முடிந்த மறுநிமிடம் எதிர்வீட்டு நர்ஸ் மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். வார்டில் இருந்த தொலைக்காட்சியில் நோயாளிகளோடு சேர்ந்து பார்த்தாராம். "அக்கா, நம்ம பொண்ணு என்ன அழகு, என்ன வேகம். பக்கத்துப் படுக்கைத் தாத்தா டிரிப் போட்ட கையாலயே அவளுக்கு டாட்டா காட்டுறாருக்கா."

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டார். அதற்குள் மகளின் அழைப்பு வந்தது. தச்சர் கைப்பேசியை நேராக நிமிர்த்திவைத்துக்கொண்டு, பார்க்கவே முடியவில்லை என்று சொல்ல மனம் வராமல், மனைவியின் முகத்தையும் பார்க்காமல், "நல்லா இருந்துச்சு" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் அக்காவின் கைப்பேசிக்குத் தனியாக ஒரு குரல் செய்தி வந்தது. "அம்மா, அப்பா நல்லா இருந்துச்சுங்கறாரு. தான் செஞ்ச மேசையவே அவர் நல்லா இருக்குன்னு சொன்னதில்லையே. அவ்வளவு மோசமாவா செஞ்சேன்?"

அக்கா அதைக் கணவருக்குக் கைகளால் சொன்னார். "உங்களுக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியல. குறை ஒண்ணாவது சேத்துச் சொல்லியிருக்கலாமில்ல?"

தச்சர் கண்களை மூடிக்கொண்டார்.

"இன்னிக்கு நர்ஸ் வீட்டுக்குப் போய்ப் பாத்துடலாம்" என்று மறுநாள் காலையில் அக்கா சொல்லிப் பார்த்தார். தச்சர் இணங்கவில்லை. எல்லார் வீட்டுக்கும் வருகிற தன் மகள் தன் வீட்டுக்கு மட்டும் வர மாட்டாளா என்பது அவர் கட்சி. கைப்பேசியிலும் பார்த்தாயிற்று. அதில் வட்டம் மிளகளவு இருந்தது. அதற்குள் இருந்த கைகள் எதையும் சொல்லவில்லை.

அக்கா முதலில் சந்தேகப்பட்டது தன்னுடைய தையலைத்தான். திரையைச் சுற்றி உறை ஒரு விரல் அகலத்துக்குச் சட்டம் போல நிற்கும். அதுதான் மகளை மறைக்கிறது என்று முடிவுகட்டி, தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் தான் தைத்த விளிம்பைத் தானே பிரித்தார். அன்று மாலையும் விரல் நுனிகள்தாம் வந்தன. அடுத்த நாள் தச்சர் பொறுமையிழந்து முன்பக்க உறையை முழுவதுமாகக் கழற்றி நாற்காலியில் போட்டார். வெறும் மேனியாக நின்ற தொலைக்காட்சியைப் பார்க்க அக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. மகள் அப்போதும் வரவில்லை.

பின்பக்கத்தை மட்டும் யாரும் தொடவில்லை. அங்கே அக்கா வலைத்துணியில் தனியாக ஓர் உறை தைத்து, வரிசையாகப் பொத்தான்கள் வைத்து மூடியிருந்தார். தொலைக்காட்சி வந்த அன்று போட்ட பொத்தான். அதற்குப் பிறகு திறந்ததில்லை. ஓடுகிற பொருளின் பின்பக்கத்தில் கைவைக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

இதற்கிடையில் மகளின் முகம் நாளுக்கு நாள் வாடிக்கொண்டுவந்தது. அழைப்பில் வருவாள், "அப்பா, இன்னிக்கு?" என்பாள். "நல்லா இருந்துச்சு" என்பார். "சரிப்பா" என்று வைத்துவிடுவாள். வாரத்தின் கடைசி நாள் காலையில் அம்மாவிடம், "மேல செய்யறியான்னு கேக்கறாங்க. வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றாள்.

அக்காவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. தாய் என்று காட்டிக்கொள்ளாமல் நேரே நிலையத்துக்கே தொலைபேசி செய்தார்.

"ஐயா, செய்தியில மூலையில ஒரு வட்டம் வருதில்ல, அதக் கொஞ்சம் உள்பக்கமாத் தள்ளி வெக்கச் சொல்லுங்க. பாதி வெளிய போயிடுது."

"எங்கம்மா போகுது? நாடு முழுக்கத் தெரியுதே."

"எங்க வீட்டுல தெரியலையே."

"அப்ப உங்க வீட்டத்தாம்மா கொஞ்சம் தள்ளி வெக்கணும்" என்றார் அந்த மனிதர். பிறகு இரக்கப்பட்டு, "செட்டாப் பொட்டி டிவியோட எப்படிச் சேந்திருக்குன்னு யாரையாவது பாக்கச் சொல்லுங்க" என்றார்.

அன்று பிற்பகல் கேபிள் கடைக்காரர் அக்காவின் வீட்டுக்கு வந்தார். தச்சரும் பட்டறையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். கடைக்காரர் தொலைக்காட்சியைப் போட்டுச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "எப்பவும் இப்படித்தானாக்கா எல்லாரும் குண்டா இருப்பாங்க?" என்று கேட்டார்.

"டிவியில வர்றவங்க நல்லாச் சாப்பிடுறவங்கதானே தம்பி."

"பின்பக்கத்தத் தொறங்க."

அக்கா தயங்கினார். தச்சர் ஒரு நாற்காலியை எடுத்துச் சுவரோரமாகப் போட்டார். அக்கா அதன்மேல் ஏறி, தொலைக்காட்சியைச் சற்று முன்னுக்குச் சாய்த்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று தலைகள் உள்ள ஒரு கம்பி வெளியே தெரிந்தது. பழைய தொலைக்காட்சி இருந்த காலத்துக் கம்பி அது. புதியதைக் கொண்டுவந்து மாட்டியவர், சுவரில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த அதையே செருகிவிட்டு, படம் வருகிறது என்று போய்விட்டார்.

"இதுதான் விஷயம்" என்றார் கடைக்காரர். "இந்த ஒயர் வழியா அனுப்பறப்போ உங்க பொட்டி படத்தோட ரெண்டு ஓரத்தையும் வெட்டிட்டு நடுவ மட்டும் அனுப்புது. டிவி அந்த நடுவ இழுத்துத் திரை பூராவும் பரப்புது. அதான் ஓரத்துல நின்ன பொண்ணு காணாமப் போச்சு, நடுவுல நின்னவங்க பருத்துட்டாங்க. எச்டிஎம்ஐ கேபிள் ஒண்ணு போட்டா முழுப்படமும் வரும். பொட்டியோடவே ஒண்ணு குடுத்திருப்பாங்களே. தட்டையான தலை, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி."

"குடுத்தாங்களே."

"எங்க?"

"பத்திரமா இருக்கு."

அக்கா உள்ளே போய், பீரோவின் மேல்தட்டிலிருந்து கருநீல வெல்வெட்டில் தைத்த ஒரு சுருக்குப்பையைக் கொண்டுவந்தார். அதற்குள் ஒரு பருத்திப் பை. அதற்குள், நிறுவனத்தார் போட்ட முடிச்சுக்கூட அவிழாமல், அந்தக் கேபிள். நல்ல கேபிளாகத் தெரிந்ததால், நல்லதொரு தேவை வரும்போது எடுக்கலாம் என்று அதற்குத்தான் அவர் முதலில் உறை தைத்திருக்கிறார்.

கடைக்காரர் அந்த வெல்வெட்டைத் தடவிப் பார்த்தார். "அக்கா, என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு நல்ல துணி எடுக்கல."

தச்சர் முதலில் பையைப் பார்த்தார். அடுத்து மனைவியைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தார். அவர் சிரித்தால் ஓசை பலமாகவே வரும். அக்காவுக்குக் கோபம் வரப்பார்த்து, பாதி வழியில் அதுவும் சிரிப்பாகிவிட்டது. "சிரிச்சது போதும். எழுந்து வேலையப் பாருங்க" என்று கைகளை உதறிச் சொன்னார்.

வேலை இருந்தது. தொலைக்காட்சி சுவரில் உயரத்தில் தொங்கிற்று. பெட்டியோ எதிர்மூலை அலமாரிக்குள் இருந்தது. கேபிளின் ஒரு தலையைத் தொலைக்காட்சியில் செருகினால், மறுதலை பாதி வழியில் ஊசலாடிற்று. கடைக்காரரிடம் நீளமான கேபிள் இருப்பில் இல்லை, நாளைக்குத்தான் வரும். நாளைக்கு மகள் வரமாட்டாள்.

"இழுத்துப் புடிச்சா எட்டாதா?" என்று கேட்டார் அக்கா.

"ஐயையோ, இழுக்கவே கூடாது. தலைகிட்ட வளைஞ்சா உள்ள இருக்கிற மெல்லிசுக் கம்பி முறிஞ்சுடும். தளர்வா ஒரு வளைவு விட்டுத்தான் தொங்கணும்."

அக்கா அதைக் கைகளால் கணவருக்குச் சொன்னார். அவர் கேபிளையும் சுவரையும் ஒரு முறை அளந்து பார்த்துவிட்டு, "கேபிள் போகலன்னா பொட்டி வரட்டும்" என்றார். வாசற்புறம் கிடந்த பலகையை எடுத்து அறுக்கத் தொடங்கினார். தொலைக்காட்சிக்கு நேர்கீழே ஒரு சிறு தட்டு. பின்பக்கம் கம்பிகள் இறங்க ஒரு வட்டத் துளை. அடியில் காற்றுப் போகக் கம்பிக்கூண்டு போல இடைவெளி விட்டு மூன்று சட்டங்கள். அக்கா துளையின் விளிம்பைத் தடவிப் பார்த்து, "சொரசொரன்னு இருக்கு, ஒயர அறுத்துடும்" என்று முகம் சுளித்தார். அதற்குள் அவர் உப்புத்தாளை எடுத்தாயிற்று. தொலைக்காட்சி சுவரை ஒட்டியே தொங்கியதால் கேபிள் தலை முட்டிற்று. அதற்குக் கடைக்காரர் தம் பையிலிருந்து முழங்கை போல வளைந்த ஓர் இணைப்புத் தலையை எடுத்துக் கொடுத்தார். மின்னழுத்தம் தாறுமாறானால் தானே துண்டித்துக்கொள்ளும் பலகையில் எல்லாச் செருகிகளையும் வரிசையாக மாட்டினார்.

தட்டில் இன்னும் மரத்தூள் உதிர்ந்துகொண்டிருந்தபோதே செய்தி நேரம் வந்துவிட்டது. எதிர்வீட்டு நர்ஸ் அன்று பகல்வேலை முடிந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அக்கா தொலைக்காட்சியைப் போட்டார். கருந்திரை. நடுவில் ஏதோ எழுத்து.

"சிக்னல் இல்லங்குது தம்பி."

"டிவி இன்னும் பழைய ஒயர்லயே தேடுதுக்கா. ரிமோட்டுல 'சோர்ஸ்'னு ஒரு பட்டன் இருக்கும், அத அழுத்துங்க."

அக்கா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். அதற்கு அவர் இரட்டைத் தோலில் உறை தைத்திருந்தார். தமக்குத் தேவைப்படும் பொத்தான்களுக்கு மட்டும் சன்னல் வெட்டி, மீதியெல்லாம் வீணாகத் தேய வேண்டாம் என்று சேர்த்து அடித்துவிட்டார். கடைக்காரர் சொன்ன பொத்தான் அந்தத் தோலுக்கு அடியில் எங்கேயோ இருந்தது.

"இந்த ரிமோட்டுக்குச் சட்டையா, சிறைச்சாலையாக்கா?" என்றார் நர்ஸ்.

தச்சர் கைநீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. தன் பெரிய கத்தரிக்கோலை எடுத்து, கழுத்திலிருந்து அடிவரைக்கும் ஒரே வெட்டாக அந்த உறையைக் கிழித்துப் போட்டார். தேய்மானமே இல்லாத எழுத்துகளோடு பொத்தான்கள் எல்லாம் பளபளவென்று வெளியே வந்தன. அழுத்தினார்.

திரை முழுவதும் வெளிச்சம் பரவிற்று. வாசிப்பவர் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "அடப்பாவமே, என்ன இப்படி இளைச்சுப் போயிட்டாரு" என்றார் அக்கா. அதைச் சொல்லி முடிப்பதற்குள் வலது மூலையில் பார்வை போயிற்று. அங்கே ஒரு வட்டம். அதற்குள் கருப்புச் சட்டையில், காதோரம் முடியை ஒதுக்கிக்கொண்டு, மகள்.

தச்சர் திரைக்கு மிக அருகில் தரையில் அமர்ந்துவிட்டார். எங்கோ ஓர் ஆற்றின்மேல் பாலம் கட்டி முடித்திருக்கிறார்கள் என்று மகள் சொன்னாள், அவர் தலையசைத்தார். தீயணைப்பு வீரர் ஒருவர் கூரையில் சிக்கிய ஆட்டைத் தோளில் சுமந்து இறக்கிய செய்தியை அவள் தோளை ஒருபக்கம் சாய்த்து, ஆட்டின் முகத்தையும் வீரரின் முகத்தையும் மாறி மாறிக் காட்டிச் சொன்னபோது, அவர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். வாசிப்பவரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த ஆடு மகளுடைய கைகளில்தான் இருந்தது. அக்கா செய்தியைக் கேட்கவே இல்லை. கணவரின் முகத்தையும் மூலையில் இருந்த வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்ததை நர்ஸ் தம் துப்பட்டாவால் ஒற்றியெடுத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

செய்தி முடிந்தது. வழக்கம்போல அழைப்பு வந்தது. இன்றும் அதே விடைதான் என்று எதிர்பார்த்த முகத்தோடு மகள், "அப்பா, இன்னிக்கு?" என்று கேட்டாள்.

தச்சர் கைப்பேசியைப் புதிய தட்டின்மேல் சாய்த்துவைத்தார். இரண்டு கைகளும் விடுதலையாயின.

"பாலத்தச் சொல்றப்போ உன் இடது கை வட்டத்துக்கு வெளிய போயிடுச்சு. நடுப்பகுதி எனக்குக் கிடைக்கல."

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மழைய ரொம்ப வேகமாச் சொல்லிட்ட. அது தூறலா, பெருமழையான்னு தெரியல. அப்புறம் நடுவுல மூக்கச் சொறிஞ்ச. அது எந்த ஊர்ச் செய்தின்னு நான் யோசிச்சேன்."

ஒவ்வொரு குறைக்கும் மகளின் முகம் ஒரு சுற்று மலர்ந்தது. கடைசியில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப ஆடு?"

அவர் சற்று யோசித்தார். "ஆட்டுக்குக் கொம்பு வெக்கல. மத்தபடி புரிஞ்சுது."

"அம்மா, கேட்டியா? புரிஞ்சுதாம்" என்று மகள் குரலை உயர்த்திக் கூவினாள். "அவங்களுக்கு இப்பவே சொல்லிடறேன், மேல செய்யறேன்னு."

"இருக்கட்டும். பெரிய குறை ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார் தச்சர். "அந்த வட்டம் ரொம்பச் சின்னது."

"அது அவங்க ஏற்பாடுப்பா. நான் என்ன பண்ண முடியும்?"

"அவங்ககிட்டச் சொல்லு. அந்த ஒல்லி மனுஷனத் தூக்கி வட்டத்துக்குள்ள போடட்டும். நீ வெளிய வந்து முழுசா நில்லு."